கீழறை நாற்றம்

சச்சிதானந்தன் கீழறையின் சீமெந்துத் தரையில் கையையும் முழங்காலையும் ஊன்றி, மூக்கைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டு போனபோது சட்டைப் பையில் போன் அடித்தது. மெல்பேர்னிலிருந்து மனைவி விமலாதேவி.

"என்னப்பா, மணம் போட்டுதோ?" நாற்றம் போய்விட்டதா என்று கேட்டாள்.

"இன்னும் இல்லை. ஆனால் ஆள் அம்பிட்டுது. உந்த வடக்குச் சுவருக்குப் பின்னால ஏதோ செத்துக் கிடக்குது. கூரையில ஓடித்திரியிற பொசமாய்த்தான் இருக்கவேணும். ஏனெண்டு சொன்னால்..."

ஏனென்று சொல்லி முடிக்க அவருக்கு அரை மணித்தியாலமாவது வேண்டும். அது தெரிந்த விமலாதேவி இடையில் புகுந்து, மணம் போன பிறகு சொல்லுங்கோ, வாறன் என்றாள். மலக்குழியைத் திறந்துவிட்டது போன்ற நாற்றம் அது. அந்த வீட்டில் மூச்சு விட்டால் தனக்கு இழுப்பு வந்துவிடும் என்று சொல்லி, வெரிபீயில் இருக்கும் மகள் பிரவீணாவின் வீட்டுக்குப் போனவள், போய் இரண்டு மாதமாகிவிட்டது. போனை வைக்குமுன் வழக்கம்போல ஒரு சாவுச் செய்தியும் சொன்னாள்.

"குலசேகரம் மாஸ்ரர் மோசம் போட்டாராம். வியாழக்கிழமை எடுக்கினம்."

"நான் ஒரு இடமும் போறேல்லை."

"நான் போகச் சொல்லேல்லையே. தகவல் சொன்னனான்."

சிட்னியில் யார் கண்ணை மூடினாலும் வெரிபீயில் இருக்கும் இவளுக்குத்தான் முதலில் தெரிகிறது. இந்த வயதில் மனிசிக்கு இப்படி ஒரு பொழுதுபோக்கா என்று அலுத்துக்கொண்டு சச்சிதானந்தன் மறுபடி மூக்கைச் சுவரில் வைத்தார்.

வீடு சிட்னியின் ஹோம்புஷில், சரிவான காணியில் நின்ற பழைய செங்கல் வீடு. முன்னால் நின்று பார்த்தால் கீழறை இருப்பதே தெரியாது. பின்பக்கம் இறங்கிப் போனால் பாதி மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். வீட்டை விற்ற இத்தாலியக் கிழவர், தோட்டத்துச் சேற்றைக் கழுவிக்கொண்டு மேலே போவதற்காக அங்கே ஒரு ஷவர் பூட்டி, தரையில் இரும்புச் சல்லடை போட்ட ஒரு தண்ணீர் ஓட்டையும் வைத்திருந்தார். சச்சிதானந்தன் குடும்பத்துக்குத் தோட்டமும் இல்லை, சேறும் இல்லை. ஆனால் செத்தவீடு இருந்தது.

செத்தவீட்டுக்குப் போய் வந்தால் தலைமுழுகாமல் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. குளியலறையோ வீட்டுக்குள்ளே இருக்கிறது. அங்கே போவதற்கே வீட்டுக்குள் கால் வைக்கவேண்டும். சிட்னியில் எத்தனையோ குடும்பங்கள் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போகிற இந்தச் சிக்கல் சச்சிதானந்தன் வீட்டில் மட்டும் இல்லை. பக்கக் கதவால் நேரே கீழறைக்குள் போவார். குளிப்பார். மேல்வீட்டுக்கு ஏறும் உட்படியில் விமலாதேவி வைத்திருக்கும் துவாயை எடுத்துத் துடைத்து, சாரத்தைக் கட்டிக்கொண்டு மேலே வருவார். இருபது வருடமாக அந்த ஷவர் வேறு எதற்கும் திறக்கப்பட்டதில்லை.

ஒரு காலத்தில் அது அடிக்கடி திறக்கப்பட்டது. ஏனென்றால் சச்சிதானந்தன் செத்தவீட்டை விடுகிற ஆள் இல்லை. ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் எஞ்சினியராக இருந்தவர். குளத்தைப் பற்றியோ வாய்க்காலைப் பற்றியோ இங்கே அவரிடம் கேட்க ஆளில்லை. ஆனால் செத்தவரைப் பற்றிப் பேச எப்போதும் கூப்பிட்டார்கள். கூப்பிடாவிட்டாலும் பேசினார். இரங்கலுரையை இறந்தவரின் கொள்ளுப்பாட்டனில் தொடங்கி, ஊர், கோயில், பள்ளிக்கூடம் என்று இறங்கி வந்து, பெட்டிக்குள் கிடப்பவரை அடையும்போது சனம் தேத்தண்ணீரை நினைக்கத் தொடங்கியிருக்கும்.

போன வருடம் தருமராசா செத்தான். சச்சிதானந்தனுக்கு இந்த நாட்டில் முதலாவது சிநேகிதன். அன்றைக்கு அவர் பேசிய பேச்சில் தருமராசா பிறப்பதற்கு முன்பே தகன மண்டபத்தில் தந்த நேரம் முடிந்துபோயிற்று. அடுத்த பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது; அதன் பின்னால் கறுப்பு உடுப்புப் போட்ட ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. மண்டபத்துப் பெண் வந்து காதில் சொன்னாள். கேட்கவில்லை. மைக்கை நிறுத்தினாள். அவர் குரலை உயர்த்தினார். கடைசியில் அவள் பொத்தானை அமத்த, திரை மூட, "அப்போதுதான் தருமராசா அவர்கள் அவதரித்தார்" என்ற இடத்தில் தருமராசா உள்ளே போய்விட்டான். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற தருமராசாவின் பெண்சாதி சிவசோதியின் தோளும் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று அவரால் பார்க்க முடியவில்லை. பின்னேரத்துக்குள் அது வீடியோவாக ஊரெல்லாம் சுற்றியது.

அன்று கீழறையில் குளித்துவிட்டு மேலே வந்தவர், இனி ஒரு செத்தவீட்டு வாசலும் மிதிப்பதில்லை என்றார். மிதிக்கவில்லை. கோயிலையும் விட்டார், கலியாணத்தையும் விட்டார். ஒரு வருடமாக வீட்டில் இருந்தார். பேச்சு மட்டும் நிற்கவில்லை. கேட்கிற சபை விமலாதேவி ஒருத்தியாகச் சுருங்கிப்போனது. மரக்கறி விலையில் தொடங்கி மகாவலித் திட்டம் வரைக்கும் போய் முடிகிற பேச்சுகளை அவள் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டாள்.

இப்போது அவளும் இல்லை. அவருக்கு உள்ளுக்குள் பயம் பிடித்திருந்தது. போனில் அவளுடைய குரல் முன்னையைவிடத் தெளிவாக இருந்தது. அம்மா இப்ப நல்லா நித்திரை கொள்ளுறா என்று பிரவீணா வேறு சொன்னாள். நாற்றம் நீடிக்க நீடிக்க அவள் அங்கேயே வேர்விட்டுவிடுவாள், பிறகு நாற்றம் போனாலும் வரமாட்டாள் என்று அவருக்குத் தோன்றியது. அதனால்தான் அந்த வயதில் முழங்காலில் நின்று சுவரை மோந்தார்.

அன்றைக்கே வடக்குச் சுவரின் பலகையைக் கழற்றினார். பொசம் இல்லை. ஒரு பழைய இத்தாலியப் பத்திரிகையும் இரண்டு போத்தல் மூடியும் இருந்தன. பலகையைத் திரும்பப் பூட்டப் போனபோது அது இரண்டாகப் பிளந்தது. அந்தச் சுவரின் உள்வெளி நேரே மேலே குசினி வரைக்கும் போகிறது என்பது, மறுநாள் காலை தேத்தண்ணீர் ஊற்றும்போது மூக்குக்குத் தெரிந்தது. கீழறையில் மட்டும் இருந்த நாற்றம் இப்போது மேல்வீட்டுக்கும் வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு நிரஞ்சினி புட்டும் கறியும் கொண்டுவந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற பெண். எத்தனையோ மணத்தைப் பார்த்தவள். அவளே துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே பாத்திரத்தை நீட்டினாள். அவர் பொசத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்க, வேலைக்கு நேரமாச்சுது அங்கிள் என்று படியிறங்கினாள். போகிற போக்கில் ஏதோ சொல்ல வாயெடுத்தவள் மாதிரித் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொல்லாமலே போய்விட்டாள்.

பொசம் இல்லையென்றால் ஈரம் என்று முடிவு கட்டினார். விமலாதேவியும் போனில் அதையே ஆமோதித்தாள்.

"ஓமப்பா, ஈரமாத்தான் இருக்கும். எதுக்கும் கழுவுறன் கிழுவுறன் எண்டு அங்க தண்ணி ஊத்திப்போடாதேயுங்கோ. ஒரு சொட்டும் வேண்டாம்."

பிறகு, கனகம்மா அக்காவின் மருமகன் திடீரென்று போய்விட்டதையும், சனிக்கிழமை எடுப்பதையும் சொன்னாள். இவர் கேட்காத மாதிரி இருந்தார்.

வாடகைக்கு ஒரு பெரிய சூட்டுக் காற்று மெசினைப் பிடித்துவந்து கீழறையில் வைத்தார். ஒரு கிழமை அது இரவு பகலாக இரைந்தது. சுவர் காய்ந்தது, தரை காய்ந்தது, மூலையில் கிடந்த பழைய பந்துகூடச் சுருங்கியது. நாற்றம் மட்டும் இரண்டு மடங்காயிற்று. மெசினைத் திருப்பிக் கொடுக்கப் போன கடையில், உங்கள் கார் மணக்கிறது என்று பெடியன் ஒருவன் ஆங்கிலத்தில் சொன்னான்.

அடுத்தது சாம்பிராணி. தட்டு நிறையப் போட்டு ஊதினார். புகை எழும்பியதும் வீட்டிலுள்ள எல்லா அலாரமும் சேர்ந்து கத்த, எதிர்வீட்டுக்காரி தீயணைப்புப் படையை அழைத்துவிட்டாள். ஹெல்மெற்றும் சப்பாத்துமாக வந்த மூன்று பேர், தீ இல்லை என்று கண்டுபிடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. போகும்போது அவர்களில் ஒருவன் மூக்கைச் சுருக்கி, இதுக்கு நீங்கள் பிளம்பரைக் கூப்பிட்டிருக்கவேணும் என்றான்.

கூப்பிட்டார். கெல்லிவில்லிலிருந்து ஜெகதீஷ் வந்தான். கோயம்புத்தூர்க்காரன், தன்மையானவன், கையில் டோர்ச் வைத்திருந்தான்.

"கீழ ஒரு தடவை பார்த்துட்டு வந்துர்றேன், அங்கிள்."

பார்க்கப் போகுமுன் வரலாறு தெரியவேண்டும் என்று சச்சிதானந்தன் அவனைக் கதிரையில் இருத்தினார். இத்தாலியரில் தொடங்கினார். அங்கிருந்து ரோமாபுரியின் வடிகால் அமைப்புக்குப் போனார். அதிலிருந்து பழைய ராசா கட்டிய பராக்கிரம சமுத்திரக் குளத்துக்கு. நடுவில் ஜெகதீஷ் இரண்டு தடவை எழும்பினான். இரண்டு தடவையும் அவர் கையைப் பிடித்து இருத்தினார். அணைக்கட்டின் சரிவுக் கணக்கு வந்தபோது அவனுடைய போன் அடித்தது, அல்லது அடித்தது என்று அவன் சொன்னான்.

"பரமட்டால ஒரு அவசர வேலை, அங்கிள். இன்னொரு நாள் வர்றேன்."

கீழறையைப் பார்க்காமலே போனான். அதற்குப் பிறகு அவர் எடுத்த அழைப்புகளுக்கு அவன் பதில் சொல்லவில்லை. வடிகாலைப் பற்றி நாலு வார்த்தை கேட்கப் பொறுமை இல்லாத பிளம்பர் என்ன பிளம்பர் என்று அவர் சுவரிடம் சொன்னார். அவருக்குத் தெரிந்த வேறு ஆள் இருக்கவில்லை.

கடைசியில், தானே எஞ்சினியர்தானே என்று தெம்பு கொண்டு, நாற்றத்தை வெளியே இழுத்துவிட ஒரு பெரிய காற்றாடியைக் கீழறை யன்னலில் பூட்டினார். கணக்குப்படி அது சரி. அது கீழறைக் காற்றை நன்றாகத்தான் இழுத்தது. இழுத்த இடத்தை நிரப்ப வேறு எங்கிருந்தோ காற்று வரவேண்டுமே. அந்த எங்கிருந்தோவிலிருந்து, பூமிக்குள் இருந்த அத்தனை நாற்றமும் புறப்பட்டு வந்தது. மதியத்துக்குள் வீட்டுக்குள் நிற்க ஏலாமல் போயிற்று. சச்சிதானந்தன் காற்றாடியை நிறுத்திவிட்டு, யூலை மாதத்துக் குளிரில் முற்றத்தில் நிறுத்தியிருந்த காருக்குள் போய் இருந்தார். அன்று காலை நிரஞ்சினி மறுபடி கொண்டுவந்து தந்த புட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். தன் வீட்டைத் தானே கண்ணாடிக்கூடாகப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு அவமானமாக இருந்தது. அழவேண்டும் போலவும் இருந்தது.

அப்போதுதான் விமலாதேவி எடுத்தாள். மணம் போட்டுதோ என்று கேட்டாள். அவர் இல்லை என்று ஒரே சொல்லில் சொன்னார். அவர் ஒரே சொல்லில் பதில் சொல்லி அவள் கேட்டதில்லை. 

"ஆனந்தராஜா அண்ணை மோசம் போட்டார்," என்றாள். "நாளைக்குப் பத்து மணிக்கு."

"ம்."

"அங்கயாவது போய் ஒரு மணித்தியாலம் மணமில்லாமல் இருந்திட்டு வாங்கோவன்."

ஆனந்தராஜா கோயிலில் கண்டால் தலையசைக்கிற அளவுக்குத்தான் பழக்கம். ஆனால் காருக்குள் இன்னொரு நாள் இருப்பதை நினைக்க, செத்தவீடு அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. அடுத்த நாள் போனார்.

அதே மண்டபம். அதே பெண் வாசலில் நின்றாள். அவரைக் கண்டதும் அவளுடைய கை தன்னையறியாமல் பொத்தான் பக்கம் போனதாக அவருக்குப் பட்டது. கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் இருந்தார். பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வாயைத் திறக்காமல் ஒரு செத்தவீட்டில் இருப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. பேசாமல் இருந்தபோதுதான், செத்தவரின் மனைவி பெட்டியின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தது கண்ணில் பட்டது. இத்தனை செத்தவீட்டில் இப்படி எத்தனை பார்க்காமல் விட்டேனோ என்று மனம் கனத்தது.

எல்லாம் முடிந்து வெளியே வர, சிவசோதி முன்னால் வந்து நின்றாள். அவர் நிலத்தைப் பார்த்தார்.

"அண்ணை, அண்டைக்கு நீங்கள் முடிக்கேல்லை," என்றாள். "மிச்சம் என்னெண்டு கேக்கவேணும் எண்டு ஒரு வருசமா நினைச்சுக்கொண்டிருக்கிறன். நீங்கள் ஒரு இடமும் வாறேல்லை."

 அவருக்குத் தருமராசாவின் கொள்ளுப்பாட்டன் ஞாபகத்துக்கு வரவில்லை.

"நான் இஞ்ச வந்திறங்கின நேரம் வெறும் சேட்டோட நிண்டனான். சரியான குளிர். தருமு தன்ர ஜக்கெற்றைக் கழட்டிப் போட்டுவிட்டவன். அதை நான் திருப்பிக் குடுக்கேல்லை. அவ்வளவுதான் சொல்ல இருந்தது."

"மண்ணிற ஜக்கெற்றோ?"

"ஓம்."

"ரெயினில துலைச்சுப்போட்டன் எண்டெல்லோ எனக்குச் சொன்னவர்." சிவசோதி வாயைப் பொத்திக்கொண்டாள். "அதுக்கு நான் பேசின பேச்சு. ஒரு மாசம் பேசினனான். வாயே திறக்கேல்லை மனிசன்."

அவளுடைய தோள் குலுங்கியது. இந்த முறை அவர் நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பும் அழுகையும் இரண்டும்தான் இருந்தன. அவருக்கும் அப்படித்தான் வந்தது.

வீட்டுக்கு வந்தவர் பழக்கதோஷத்தில் பக்கக் கதவைத் திறந்துகொண்டு கீழறைக்குள் போனார். நாற்றம் மூக்கில் அறைந்தது. ஈரம் வேண்டாம், ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம் என்று விமலாதேவி சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் தலைமுழுகாமல் எப்படி மேலே போவது? ஷவரைத் திறந்தார். வெகு நாளாகத் திறக்காத குழாய் முதலில் இருமியது, பிறகு தண்ணீர் வந்தது. தருமராசாவையும் அந்த மண்ணிற ஜக்கெற்றையும் நினைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். காலடியில் சல்லடைக்குள் தண்ணீர் களகளவென்று இறங்கியது. குளித்து முடித்து, வழக்கம்போல உட்படிப் பக்கம் கையை நீட்டினார். துவாய் இல்லை. கழற்றிய சேட்டாலேயே துடைத்துக்கொண்டு, நடுங்கியபடி மேலே போனார்.

அடுத்த நாள் காலை தேத்தண்ணீர் ஊற்றும்போது தேயிலை மணந்தது. வேறு எதுவும் மணக்கவில்லை. சச்சிதானந்தன் தனக்குத்தான் மூக்கு அடைத்துவிட்டது என்று நினைத்தார். பெருங்காயப் போத்தலைத் திறந்து மோந்தார். மூக்கு சரியாகத்தான் இருந்தது. கீழே ஓடினார். நாற்றம் இல்லை. டோர்ச்சைச் சல்லடைக்குள் அடித்துப் பார்த்தபோது, அடியில் தண்ணீர் மினுங்கியது.

பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. ஓட்டைக்குக் கீழே குழாய் வளைந்து போகிறது. அந்த வளைவில் எந்நேரமும் கொஞ்சம் தண்ணீர் நிற்கவேண்டும். அதுதான் கழிவுக் குழாயின் காற்று மேலே வராமல் மறிக்கிற அணை. தண்ணீர் காய்ந்தால் அணை இல்லை. இத்தனை குளத்துக்கு அணை போட்ட மனிதன், தன் வீட்டுக் குளத்தை மெசின் வைத்துக் காயவிட்டிருக்கிறார்.

உடனே மனைவிக்கு எடுத்தார். வேறொரு நாளென்றால் பராக்கிரம சமுத்திரத்தில் தொடங்கியிருப்பார்.

"மணம் போட்டுது," என்றார். "செத்தவீட்டுக்குப் போட்டு வந்து குளிச்சனான். போட்டுது."

"சிவசோதியைக் கண்டனீங்களோ?"

"கண்டனான். கதைச்சனான்."

மறுபக்கத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"துவாய் ஆர் வைச்சது?"

"ஒருத்தரும் வைக்கேல்லை."

"வெள்ளிக்கிழமை பிளேனில வாறன்," என்றாள் விமலாதேவி.

இத்தனை நாள் என்ன சொன்னாலும் அசையாதவள், ஒரு காரணமும் கேட்காமல் வருகிறேன் என்றது அவருக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. சந்தோசத்தில் அதை அவர் கிண்டிப் பார்க்கவில்லை. யன்னல்களைத் திறந்துவிட்டார், பிளந்த பலகையை ஒட்டினார், குசினியைக் கூட்டினார். நிரஞ்சினி இடியப்பப் பாத்திரத்துடன் வந்தபோது, துப்பட்டாவை மூக்குக்குக் கொண்டுபோன அவளுடைய கை பாதியில் நின்றது.

"உள்ளுக்கு வாரும் பிள்ளை, போட்டுது," என்றார் சச்சிதானந்தன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "நானே கண்டுபிடிச்சனான். போன வருசம் செத்தவீட்டுக்குப் போறதை விட்டன். கீழ குளிக்கிறதை விட்டன். தண்ணி காய்ஞ்சுது, மணம் வந்தது. சின்ன விசயம்."

நிரஞ்சினி பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு, சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"போன வருசம் விட்டதுக்கு அப்பவே மணந்திருக்கவேணுமே, அங்கிள். கிழமைக்கு ஒரு வாளி தண்ணி உந்தச் சல்லடைக்குள்ள ஊத்தி ஒரு வருசமா மறிச்சு வைச்சிருந்தது அன்ரியெல்லோ. 'நிப்பாட்டிப்போட்டன் பிள்ளை, உந்த மனிசன் என்னை விட்டிட்டு வேற சனத்தோடயும் போய்க் கதைக்கட்டும், செத்தவீடு ஒண்டுக்குப் போட்டு வந்து குளிக்கிற அண்டைக்கு மணமும் போகும், நானும் வாறன்' எண்டு போகேக்க என்னட்டச் சொல்லிப்போட்டுத்தான் போனவா."